இலை போடச் சொன்ன குற்றம்

ஒரு கடலைச் சுற்றிப் பல நாடுகள் இருந்தன. ஒரு காலத்தில் அவை எல்லாம் ஒன்றையொன்று கொளுத்திக்கொண்டன. எதற்காகக் கொளுத்தின என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வீரகாவியம் உண்டு, ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. புகை அடங்கியபோது எந்த நாட்டிலும் உருப்படியாக ஓர் அடுப்புகூட மிஞ்சவில்லை. கடலுக்கு நடுவே தீவாகக் கிடந்த பந்திப்புரம் மட்டும் தப்பியது. தண்ணீரைத் தாண்டித் தீ போகவில்லை, அவ்வளவுதான். பிற்காலத்தில் பந்திப்புரத்துப் பள்ளிக்கூடங்களில் இதை அந்நாட்டு மக்களின் ஒழுக்கத்துக்குக் கிடைத்த பரிசு என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய பந்திப்புரத்தார் நல்லவர்கள். பெரிய போஜன மண்டபம் கட்டி, வரிசையாகக் கோட்டை அடுப்பு மூட்டி, பசித்து வந்த எல்லா நாட்டாருக்கும் சோறு போட்டார்கள். கூட்டம் தாங்காமல் போகவே, வரிசையில் நின்றவர்களுக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டின் நடுவில் தொந்தியோடு ராஜாவின் படம். கீழே ஒரு வாசகம்: ‘இச்சீட்டைக் கொண்டுவருபவருக்கு ஒரு வேளை முழுச் சாப்பாடு இலை போட்டுப் பரிமாறப்படும். மோர் உட்பட.’

அந்த ‘மோர் உட்பட’வில்தான் உலகம் மயங்கியது. சோறு போடுகிறவர்கள் இருக்கலாம். மோர் வரைக்கும் யோசித்துச் சீட்டில் அச்சடிக்கிறவன் ஏமாற்றமாட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள். ஏமாற்றவும் இல்லை. சீட்டைக் கொடுத்தவர்களுக்கு இலை விழுந்தது, மோரும் வந்தது.

பிறகு ஜனங்கள் சீட்டைச் சாப்பிடாமல் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். நாளைக்குப் பசித்தால் ஆகுமே என்ற எண்ணம்தான். ஒருவன் சீட்டுக் கொடுத்து ஆடு வாங்கினான். ஆடு விற்றவன் அந்தச் சீட்டுக்கு ஓடு வாங்கினான். கடைசியில் எல்லா ராஜாக்களும் கூடி, இனி நாட்டுக்கு நாடு எதை வாங்கினாலும் விற்றாலும் பந்திச் சீட்டில்தான் என்று கையெழுத்துப் போட்டார்கள். அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. அன்றைக்குப் பந்திப்புரத்துச் சாம்பார் அப்படி.

இந்த நாடுகள் அனைத்துக்கும் பொதுவான வழக்கம் ஒன்று இருந்தது. இலை முன்னால் உட்கார்ந்தவரை வெறும் இலையோடு எழுப்பக் கூடாது. ராஜாக்கள் ஒருவரையொருவர் பந்தியில் வைத்தே கொன்றிருக்கிறார்கள். அப்போதும் விஷத்தையாவது பரிமாறினார்களே தவிர, வெறும் இலையோடு எழுப்பியதில்லை.

காலம் போயிற்று. ஒருநாள் பந்திப்புரத்தின் தலைமைச் சமையற்காரர் ராஜாவிடம் வந்து முறையிட்டார்.

“மகாராஜா, ஊருக்கே வடித்துவைத்தால் ஒரு கை விரல் எண்ணிக்கைக்குத்தான் ஆள் வருகிறது. சோறு மீந்துபோகிறது.”

“சீட்டு வைத்திருப்பவர்கள் எங்கே?”

“பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாப்பிட்டால் தீர்ந்துபோய்விடுமாம்.”

ராஜா நெடுநேரம் தொந்தியைத் தடவினார். பிறகு கேட்டார்: “அப்படியானால் நாம் ஏன் சமைக்க வேண்டும்?”

பந்திப்புரத்தின் பொற்காலம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அடுப்புகளை இடித்துவிட்டு அந்த இடத்தில் அச்சு இயந்திரங்களை வைத்தார்கள். கரண்டி பிடித்தவர்கள் மை தடவப் பழகினார்கள். தலைமைச் சமையற்காரர் என்ற பதவி மட்டும் அப்படியே இருந்தது. அந்த மாதம் எத்தனை சீட்டு அச்சடிப்பது என்று அவர்தான் முடிவு செய்தார். அவர் தொண்டையைச் செருமினால் அக்கரை நாடுகளில் ஆட்டு விலை இறங்கும். பந்திப்புரத்தார் சீட்டை அச்சடித்து நெல்லங்கரையில் அரிசி வாங்கினார்கள், எண்ணெய்மலையில் எண்ணெய் வாங்கினார்கள், உப்பங்கரையில் உப்பு வாங்கினார்கள். மற்ற நாட்டார் வெயிலில் காய்ந்து விளைவித்ததை அவர்கள் காகிதத்தில் ஈரம் காயும் நேரத்துக்குள் வாங்கிவிட்டார்கள்.

உலகத்தின் நம்பிக்கை குலைந்துவிடக் கூடாது என்பதற்காக வருஷத்துக்கு ஒருமுறை தாளிப்பு விழா நடக்கும். மண்டபத்து வாசலில் பெரிய வாணலியை வைத்து, எண்ணெய் காய்ந்ததும் கடுகும் கறிவேப்பிலையும் போடுவார்கள். வாசனை கடல் தாண்டும். எல்லா நாட்டுத் தூதர்களும் மூக்கை உயர்த்தி இழுத்துவிட்டு, “சமையல் பலமாக நடக்கிறது” என்று தங்கள் ராஜாக்களுக்கு எழுதுவார்கள்.

இப்போது ஆளுகிறவர் இருபத்தேழாம் போஜனேந்திரர். அவருக்குப் பந்தி விசாரணைப் பேரமைச்சராக வாய்த்தவர் அமுதவாணர். பந்தியில் நின்று யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரிப்பதுதான் அந்தப் பதவியின் பழைய வேலை. அமுதவாணர் உலகத்துக்கு என்ன வேண்டும் என்று தாமே முடிவு செய்துவிட்டதால் விசாரிக்கும் சிரமம் இல்லை. அவர் காலத்தில் மூன்று ஆணைகள் பிறந்தன.

முதல் ஆணை அன்பால் பிறந்தது. பிற நாடுகளில் கரையான் தொல்லை அதிகமாதலால், அவரவர் சேமித்த சீட்டைப் பந்திப்புரத்து நிலவறையிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்புக்குக் கூலி உண்டு.

இரண்டாவது ஆணை, ஒரு சீட்டுக்கு விற்ற அரிசி மூன்று சீட்டுக்கு ஏறியபோது வந்தது. சீட்டை அளவில்லாமல் அச்சடித்ததால்தான் இந்த நிலை என்று சிலர் முணுமுணுத்தார்கள். அமுதவாணர் ஆராய்ந்து, சீட்டில் எந்தக் குற்றமும் இல்லை, இது அரிசியின் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தார். எல்லா நாடுகளும் தத்தம் அரிசியைக் கண்டிக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டன.

மூன்றாவது ஆணைதான் பொல்லாதது. பந்திப்புரத்துக்குப் பிடிக்காத காரியம் செய்யும் நாட்டின் சீட்டுகள், நிலவறையிலேயே உறங்க வைக்கப்படும். யாரும் பறிக்கமாட்டார்கள், உங்கள் சீட்டு உங்களுடையதுதான். தூங்குகிறது, தொந்தரவு செய்யக் கூடாது.

தாளிப்பு விழாவில் ஒரு ராஜா கொட்டாவி விட்டுவிட்டார். மேற்குக் கரையில் பெரிய நாட்டை ஆளுகிறவர் அவர். உலகமே வாசனை பிடிக்கும்போது ஒருவர் வாய் திறந்தது மரியாதைக் குறைவு என்று அவர் நாட்டோடு யாரும் வியாபாரம் செய்யக் கூடாது என ஆணை போயிற்று. உப்பங்கரை ஒரு சின்ன நாடு. உப்பு விளையும் அளங்களும் தோணிகளும்தான் அதன் சொத்து. அங்கிருந்து கொட்டாவி ராஜாவின் நாட்டுக்கு ஊறுகாய் உப்பு ஒரு தோணி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. தோணிக்கு ஆணை தெரியாது. உப்பங்கரையின் சீட்டுகள் அத்தனையும் உறங்கிப்போயின.

அந்த வருஷம்தான் கடல் உள்ளே வந்து உப்பங்கரையின் கொஞ்ச நஞ்ச வயலையும் தின்றுவிட்டுப் போனது.

உப்பங்கரையில் உணவுக்கு மந்திரியாக இருந்தவள் தங்கபுஷ்பம். மந்திரி என்றால் பல்லக்கெல்லாம் இல்லை; யார் வீட்டில் உலை வைத்தார்கள், யார் வீட்டில் வைக்கவில்லை என்று தெருத்தெருவாக நடந்து பார்ப்பதுதான் உத்தியோகம். இப்போது எந்தத் தெருவிலும் புகை இல்லை. பிள்ளைகள் அளத்து மேட்டில் சுருண்டு கிடந்தன. ஓடி விளையாடச் சொன்னால்கூட ஓடவில்லை. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

இத்தனைக்கும் அரிசி கண்ணுக்கு எதிரில் இருந்தது. உப்பங்கரைக்கும் நெல்லங்கரைக்கும் நடுவில் ஒரு கால்வாய், முழங்கால் அளவு தண்ணீர். அந்தப் பக்கம் நெல்லங்கரையின் களஞ்சியம். களஞ்சிய அதிகாரி கயிலாசம் அவளுக்குத் தம்பி மாதிரி. பல வருஷமாகக் கரைக்குக் கரை பேசிப் பழக்கம். கால்வாயின் நடுவே ஒரு பரண் போட்டு, பந்திப்புரத்துச் சீட்டுக் காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, உன் களத்துல நெல்லு மொளச்சுக் கெடக்கு. இங்க எம் பிள்ளைய எல்லாம் பசிச்சுக் கெடக்கு. ஒரு மூட்டை அரிசி தா, ஒரு மூட்டை உப்பு தாரேன்” என்றாள் தங்கபுஷ்பம்.

“உப்பு எங்களுக்கும் வேணும்தாங்க்கா. உப்பில்லாக் கஞ்சி குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு. ஆனா சீட்டு இல்லாம எப்படிக் கொடுக்கிறது?”

“எங்க சீட்டுதான் அங்க தூங்குதே.”

“எழுப்பச் சொல்லி மனு போடுங்களேன்.”

“போட்டாச்சு. திடுதிப்புன்னு எழுப்புனா சீட்டுக்கு அதிர்ச்சி ஆயிருமாம்.”

கயிலாசம் தலையைச் சொறிந்தான். அவன் மீது மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நெல்லங்கரையில் விளக்கெரிய எண்ணெய் வேண்டும். எண்ணெய்மலைக்காரர்கள் பந்திச் சீட்டைத் தவிர வேறெதற்கும் எண்ணெய் தரமாட்டார்கள். எண்ணெய்மலையைச் சுற்றிப் பந்திப்புரத்துப் போர்க்கப்பல்கள் நிற்கும். மலையைத் திருடர்களிடமிருந்து காப்பதற்காக என்று சொல்வார்கள்.

“வீட்டுக்கு ஒரு பழைய சீட்டு சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருப்பீங்களே, முதல் அச்சு? அது நிலவறையில இல்லியே. ஆனா பழசு இங்க செல்லாதுக்கா, பந்திப்புரத்துக்குப் போய்ப் புதுசா மாத்திட்டு வந்துடுங்க. அடுத்த நிமிஷம் மூட்டைய இறக்கிடறேன்” என்றான்.

தங்கபுஷ்பம் ஊரைக் கூட்டினாள். எல்லா நாடுகளிலும் கூட்டம் தொடங்குமுன் எழுந்து நின்று சீட்டு வாசகத்தைச் சொல்வது மரபு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் முதலில் மனப்பாடமாவதே அதுதான். எல்லோரும் எழுந்து கைகூப்பி, “இச்சீட்டைக் கொண்டுவருபவருக்கு ஒரு வேளை முழுச் சாப்பாடு” என்று ராகமாய்த் தொடங்கினார்கள். அளத்தில் உப்பு வாரும் சொரிமுத்து மட்டும் நடுவில் நிறுத்தினான்.

“எக்கா, முழுச் சாப்பாடுன்னா அப்பளம் உண்டாக்கா?”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அன்றைக்கு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. தங்கபுஷ்பம் கூப்பிய கையைப் பிரிக்காமல் நின்றாள். ஆயிரம் முறை சொன்ன வாசகம் அன்றுதான் அவள் காதில் விழுந்தது.

உப்பங்கரைக்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. அளத்தில் ஒருவன் சாயங்காலம் வருகிறேன் என்று சொன்னால் அவனுக்கும் சேர்த்து உலை வைப்பார்கள். அவன் பேச்சுக்குச் சொன்னானா, வருவானா என்று யோசிக்கமாட்டார்கள். வெளியூரில் போய் நிறைய அவமானப்பட்டிருக்கிறார்கள் இந்தக் குணத்தால். இப்போதும் அதே தவற்றைத்தான் செய்தார்கள்.

“சீட்டை மாத்த வேண்டாம். எல்லாரும் கெளம்புங்க. சாப்பிடப் போவோம்” என்றாள் தங்கபுஷ்பம்.

உப்புத் தோணிகளில் ஊரே ஏறியது. இலைக்குப் பனையோலையை மடித்துப் பட்டை கட்டிக்கொண்டார்கள்.

பந்திப்புரத்துப் போஜன மண்டபம் அப்போது காட்சிச்சாலையாக இருந்தது. பழைய கரண்டிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ‘தொடாதீர்கள்’ என்று எழுதியிருந்தார்கள். உப்பங்கரைக்காரர்கள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்து, பளபளவென்று மெழுகிய தரையில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் பட்டையை விரித்துவைத்தார்கள். வாசல் காவலன் ஓடிப்போய்ச் சொன்ன சேதியைக் கேட்டு அமுதவாணரும் தலைமைச் சமையற்காரரும் அங்கவஸ்திரம் நழுவ வந்து சேர்ந்தார்கள்.

“அம்மையீர், தாங்கள் பழைய சீட்டை மாற்ற வந்திருப்பதாக அறிகிறோம். கழிவு போக ஒன்றுக்கு முக்கால் சீட்டு வழங்க உத்தரவிடுகிறேன்” என்றார் அமுதவாணர்.

“மாத்த வரலய்யா. சாப்பிட வந்திருக்கோம்.”

“எதை?”

“இதுல எழுதியிருக்கத.”

அமுதவாணர் சீட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். தம் வாழ்நாள் முழுவதும் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தவர், அன்றுதான் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இதை நேரடியாகப் பொருள்கொள்வது நுட்பமற்ற அணுகுமுறை. முழுமை என்பது இங்கே நம்பிக்கையின் முழுமை. சாப்பாடு என்பது உலக ஒழுங்கு. மோர் என்பது…” அவர் தலைமைச் சமையற்காரரைப் பார்த்தார்.

“சந்தையின் குளிர்ச்சி” என்றார் தலைமைச் சமையற்காரர்.

“அப்பளம் உண்டாய்யா?” என்றான் சொரிமுத்து.

“அப்பளம் வாசகத்தில் இல்லை!” தலைமைச் சமையற்காரர் குரலில் ஒரு நிம்மதி. அவருக்கு விடை தெரிந்த ஒரே கேள்வி அதுதான்.

“அப்படின்னா மத்ததெல்லாம் இருக்குல்லா. போடச் சொல்லுங்க. பிள்ளைய எல்லாம் ரொம்ப நேரமா காத்திருக்கு” என்றாள் தங்கபுஷ்பம்.

அமுதவாணர் வீரர்களைப் பார்த்தார். வீரர்கள் தரையைப் பார்த்தார்கள். எந்த நாட்டை வேண்டுமானாலும் எரித்துவிட்டு வரச் சொல்லலாம், போவார்கள். ஆனால் இலை முன்னால் இருப்பவர்களை எப்படி எழுப்புவது? அமுதவாணர் மெதுவாகத் தலைமைச் சமையற்காரர் காதில், “ஒரு அடுப்பையாவது மூட்ட முடியுமா?” என்று கேட்டார். சமையற்காரர், அதற்கு முதலில் ஓர் ஆய்வுக்குழு அமைக்க வேண்டும் என்றார்.

சேதி கடல் தாண்டியது. பந்திப்புரத்தில் ஒரு கூட்டம் சோறு கேட்டு உட்கார்ந்திருக்கிறதாம், இன்னும் இலையில் எதுவும் விழவில்லையாம். எண்ணெய்மலையில் ராஜா மயங்கி விழுந்தார். நெல்லங்கரையில் அவசர சபை கூடியது. எல்லாத் தூதர்களும் மண்டபத்துப் பக்கத்து அறையில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

“இவளுக்குச் சோறு இல்லை என்று தெரிந்தால் எங்கள் சீட்டெல்லாம் என்ன ஆவது? மூன்று தலைமுறைச் சேமிப்பு!” என்றார் எண்ணெய்மலைத் தூதர்.

“அடுப்பெரிக்க ஆகும்” என்றார் ஒருவர்.

“அடுப்பு எங்கே இருக்கிறது?” என்றார் இன்னொருவர்.

மண்டபத்தில் இரண்டாம் நாளும் உட்கார்ந்தே இருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் அழுது ஓய்ந்துவிட்டன. பக்கத்து அறையில் தீர்மானத்தின் வாசகம் பற்றி விவாதம் நடந்துகொண்டிருந்தது. இதைச் சொல்லும்போதே ஆத்திரம் வருகிறது. ஆனால் நடந்ததை நடந்தபடிதான் சொல்ல வேண்டும்.

கடைசியில் முடிவாயிற்று. பந்திப்புரத்தின் மானம்தான் உலகத்தின் சேமிப்பு. ஆகவே எல்லா நாடுகளும் தத்தம் செலவில் சமையலுக்கு வேண்டியதை உடனே இரகசியமாக அனுப்ப வேண்டும். முதல் ஆளாகப் பருப்பு அனுப்பியவர் கொட்டாவி ராஜா. பந்திப்புரத்துக்குப் பரம வைரி அவர்தான். நிலவறையில் அதிகச் சீட்டு வைத்திருப்பவரும் அவர்தான். எண்ணெய்மலை எண்ணெய் அனுப்பியது. யாரோ தயிர் அனுப்பினார்கள். நெல்லங்கரையிலிருந்து அரிசி மூட்டைகள் கடல் தாண்டி வந்தன. மண்டபத்துப் பின்வாசலில் கல் கூட்டி, அந்தந்த நாட்டு ஆட்களே சமைத்தார்கள்.

பந்திப்புரத்து முத்திரை போட்ட தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு சோற்றுக் கூடையோடு வந்தவனைத் தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். கயிலாசம்.

அவன் அவள் பட்டையில் சோற்றை வைத்தான். அவள் ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தாள்.

“இது உன் களத்து அரிசில்லா தம்பி?”

“மெதுவாப் பேசுங்கக்கா.”

“கால்வாய்க்கு எங்க பக்கம் நின்னு அழுதேன். தரமாட்டேன்னியே.”

“சீட்டு இல்லாம எப்படிக்கா…”

“இப்பம் யாரு உனக்குச் சீட்டு தந்தா?”

கயிலாசம் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் தரவில்லை. சும்மாதான் கொண்டுவந்திருந்தான், படகுக் கூலியும் அவன் நாட்டுச் செலவு. அதை அவன் அதுவரை யோசித்துப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற அமுதவாணர், “பரிமாறுபவர் விருந்தினரோடு உரையாடக் கூடாது” என்றார். அவன் அடுத்த பட்டைக்கு நகர்ந்தான்.

மோர் வந்ததும் மண்டபத்து மணியை அடித்தார்கள். போஜனேந்திரர் உப்பரிகையில் தோன்றி, பந்திச் சீட்டுக்கு இன்றும் முழுச் சாப்பாடு உண்டு என்பது உலகறிய மெய்ப்பிக்கப்பட்டது என்று அறிவித்தார். எல்லா நாட்டுத் தூதர்களும் கைதட்டினார்கள். தாங்கள் அனுப்பிய பருப்பையும் தயிரையும் பார்த்து அவர்களுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. சீட்டின் மதிப்பு ஏறியது. அந்த மகிழ்ச்சியில் தலைமைச் சமையற்காரர் இரண்டு மடங்கு அச்சடித்தார். கையோடு வாசகத்தையும் மாற்றினார்கள்: ‘இச்சீட்டைக் கொண்டுவருபவருக்கு இன்னொரு சீட்டு வழங்கப்படும்.’ மோர் போயிற்று.

ஒரு வேளைச் சாப்பாடு ஒரு வேளைதான். உப்பங்கரைக்காரர்கள் திரும்பி வந்தார்கள், சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சீட்டும் போய்.

தங்கபுஷ்பம் மறுபடி கால்வாய்க்குப் போனபோது கயிலாசம் களஞ்சிய வாசலில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றான். முகத்தில் உற்சாகம்.

“அக்கா, நல்ல காலம் பொறந்தாச்சு! பந்திப்புரத்து அநியாயத்த எங்க மகாராஜா பொறுக்கமாட்டேன்னுட்டாங்க. இனிமே நாங்களே சொந்தமா சீட்டு அடிக்கப் போறோம். எங்க ராஜா படம் போட்டு. கொட்டாவி ராஜாவும் கூட்டு. பாருங்க, இது மண்டபம், இது அச்சுக்கூடம், இது நிலவறை. எல்லா நாட்டுச் சீட்டையும் இங்க பத்திரமா வெச்சுக்கலாம்.”

அவள் கண்ணை இடுக்கி இக்கரையிலிருந்தே பார்த்தாள்.

“அடுப்பு எங்கன தம்பி?”

கயிலாசம் வரைபடத்தைப் பார்த்தான். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான்.

“அது… அடுத்த கட்டத்துல வரும்போல.”

தங்கபுஷ்பம் திரும்பிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். பெரியவர்களும் வந்தார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் கால்வாயில் இறங்கினாள். பரணிலிருந்த சீட்டுக் காவலர் பதறி எழுந்து, சீட்டு இருக்கிறதா என்று கத்தினார். ஒருவரும் நிற்கவில்லை. அந்தக் கரையில் ஏறி, களஞ்சியத்து வாசலில், நெல் காயும் களத்தில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பட்டையை விரித்து முன்னால் வைத்தார்கள்.

“கயிலாசம், இலை போட்டாச்சு” என்றாள்.

“அக்கா, வேண்டாம்க்கா. இது குத்தம்க்கா. கப்பல் வந்துடும்.”

“நான் ஒங்கிட்ட எதையும் விக்கல, வாங்கல. பந்தியில இருக்கேன். எழுப்பணும்னா எழுப்பு.”

கயிலாசம் காவலரைப் பார்த்தான், கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தான். முதல் வரிசையில் ஒரு சின்னப் பெண் பட்டையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்திப்புரத்து மண்டபத்தில் அவளுக்கு அவன் சோறு வைத்திருந்தான். அன்றைக்கு வேறொருவன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு போட்ட சோற்றை இன்றைக்குத் தன் வாசலில் போட முடியவில்லையே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. வரைபடத்தைக் களத்தில் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். களஞ்சியத்து ஆட்களுக்குக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சி அண்டாவை நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள்.

“உப்பில்லாக் கஞ்சிதாங்க்கா” என்றான்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அண்டாவில் உப்பைப் போட்டாள். பிள்ளைகளுக்கு ஊற்றி, பெரியவர்களுக்கு ஊற்றி, கடைசியில் களஞ்சியத்து ஆட்களும் கூடவே உட்கார்ந்தார்கள். உப்புப் போட்ட கஞ்சியை ஒரு வாய் குடித்ததும் கயிலாசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சூடு, அவ்வளவுதான் என்றான்.

“அப்பளம் உண்டால?” என்றான் சொரிமுத்து.

“நாளைக்குப் பொரிச்சிடலாம்ண்ணே.”

சீட்டுக் காவலர் பரணிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சம்பளம் சீட்டாகத்தான் வரும்; கால்வாய் நடுவில் அதற்குப் பொரிகடலைகூடக் கிடைக்காது. கொஞ்ச நேரம் கழித்து அவரும் இறங்கி வந்து வரிசைக் கடைசியில் உட்கார்ந்தார். அவருக்குப் பட்டை இல்லை. யாரோ ஒன்று மடித்துக் கொடுத்தார்கள்.

இந்தச் சம்பவத்தைப் பந்திப்புரத்துச் சபையில் உலக ஒழுங்கின் மீது நடந்த கொடூரத் தாக்குதல் என்று கண்டித்தார்கள். நெல்லங்கரை ராஜாவும் அதே மூச்சில் கண்டித்தார். அவருடைய சீட்டுக்கும் இது நல்லதல்லவே. சீட்டில்லாமல் குடித்த அந்தக் கஞ்சியை ஒடுக்கப் பெரும் கப்பற்படை ஒன்றை அனுப்புவதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. கப்பல்கள் துறைமுகத்தில் வரிசையாக நிற்கின்றன. பீரங்கிகளைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். வீரர்கள் ஏறிவிட்டார்கள். வழிச் சாப்பாட்டுக்கு வேண்டிய அரிசி வழக்கமாக நெல்லங்கரையிலிருந்துதான் வரும். அதற்குக் கொடுக்க வேண்டிய சீட்டையும் அன்றே அச்சடித்துக் காயப்போட்டுவிட்டார்கள். அரிசி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.